நெருங்கியவர்கள் ஒதுக்கும்போது விசுவாசத்தில் நிலைத்திருப்பது எப்படி?

கேள்வி இது: "கிறிஸ்துவைப் பின்பற்றத் தொடங்கியதிலிருந்து வீட்டில் என்னோடு பேச்சு நின்றுவிட்டது. நண்பர்கள் விலகிவிட்டார்கள். வேலை இடத்திலும் ஏளனம். விசுவாசத்தை விடப்போவதில்லை, ஆனால் நாளுக்கு நாள் உள்ளே ஏதோ காய்ந்துபோகிறது. எப்படி நிலைத்திருப்பது?"

"காய்ந்துபோகிறது" என்பது மிகச் சரியான சொல். விதைக்கிறவன் உவமையில் இயேசுவும் அதைத்தான் சொல்கிறார். கற்பாறை நிலத்தில் விழுந்த விதை சீக்கிரம் முளைத்தது. வெயில் ஏறியதும் வேரில்லாமல் உலர்ந்துபோனது (மத்தேயு 13:5, 6). அந்த வெயில், வசனத்தினிமித்தம் வருகிற உபத்திரவமும் துன்பமும் என்று அவரே விளக்குகிறார் (13:21). நல்ல நிலத்தின் மேலும் அதே வெயில்தான் அடித்தது. ஆகவே வெயில் எப்போது தணியும் என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வேர் எங்கே அறுபடுகிறது என்று பார்ப்பது உங்களுக்கு உதவும்.

அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் அறுபடுகிறது: கசப்பில், தனிமையில். "இயேசுவை மறுதலிக்கிறாயா?" என்று முகத்துக்கு நேரே கேட்டால் உறுதியாக "இல்லை" என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. அவர்களே ஒதுக்கியவர்கள் மேல் மாதக்கணக்கில் கசப்பை வளர்த்து, ஜெபம் குறைந்து, ஐக்கியத்தைவிட்டு விலகி, யாரும் கேட்காமலேயே ஒருநாள் விசுவாசத்தைக் கைவிட்டிருப்பார்கள். மறுதலிக்கச் சொல்லி யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. உள்ளே இருந்தது மெல்ல வற்றிப்போனது, அவ்வளவுதான். அதனால் இந்தப் பதிலில் பெரும்பகுதி அந்த இரண்டைப் பற்றியே இருக்கும்.

அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. பலர் இதைத் தாண்டிப் போய்விடுவதால் பின்னால் எல்லாமே குழம்புகிறது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். வீட்டாரும் நண்பர்களும் உங்களைப் பற்றிச் சொல்லும் குறைகளை, அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே இடது பக்கம் எழுதுங்கள். வலது பக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது கிறிஸ்துவின் பொருட்டு வந்ததா, உங்கள் நடத்தையால் வந்ததா என்று எழுதுங்கள். பேதுரு இந்தப் பிரிவினையை மிகக் கறாராகச் செய்கிறார். கிறிஸ்தவனாயிருப்பதினால் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டாம் என்கிறவர், அதற்கு முந்தின வசனத்தில் யாரும் படக்கூடாத பாடுகளைப் பட்டியலிடுகிறார். கொலைபாதகன், திருடன், பொல்லாங்கு செய்தவன் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசியில் நிற்பவன், அந்நிய காரியங்களில் தலையிடுகிறவன் (1 பேதுரு 4:15, 16). கொலைகாரனோடு ஒரே வரிசையில் அவனை நிறுத்தியிருப்பதைச் சற்று நின்று யோசியுங்கள். மலைப்பிரசங்கத்திலும் "என்னிமித்தம்", "பொய்யாய்" என்ற இரண்டு நிபந்தனைகளோடுதான் அந்தப் பாக்கியம் சொல்லப்படுகிறது (மத்தேயு 5:11).

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் முதல் வருஷத்தில் செய்யும் தவறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பெற்றோர் மதிப்பதை அவர்கள் முன்னாலேயே இழிவாகப் பேசுவது, சாப்பாட்டு வேளையில் விவாதத்தைத் தொடங்குவது, குடும்பத்துக்குள் நடந்ததை இணையத்தில் சாட்சியாக எழுதுவது, கூட்டங்களுக்கு ஓடியதில் வீட்டுப் பொறுப்புகளை அப்படியே போட்டுவிடுவது. இவற்றால் வந்த கோபத்தைச் சிலுவை என்று பெயரிட்டுச் சுமக்க வேண்டாம். வலது பக்கத்தில் "என் தவறு" என்று எழுதிய ஒவ்வொன்றுக்கும் போய் மன்னிப்புக் கேளுங்கள். "ஆனால் நீங்களும்..." என்று வால் சேர்க்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்டபின் தாளில் மிஞ்சுவது முன்னைவிடக் குறைவாக இருக்கலாம். மிஞ்சுவது உண்மையான நிந்தை. அதைச் சுமக்கத் தேவன் பலம் தருவார்.

அடுத்த கேள்வி, எதில் இணங்கலாம், எதில் கூடாது என்பது. இதற்குத் தானியேல் 1-ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. பாபிலோனில் அவன் பெயரை மாற்றினார்கள், ஏற்றுக்கொண்டான். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் படிக்க வைத்தார்கள், முதல்தரமாகப் படித்தான். அந்நிய ராஜாவுக்கு வேலை செய்யச் சொன்னார்கள், செய்தான். ராஜாவின் போஜனம் என்ற ஒரே இடத்தில் நின்றான். நின்ற விதம் அதைவிட முக்கியம். முதலில் பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டான். அவன் தன் தலைக்கு ஆபத்து என்று பயந்தபோது அவனை வற்புறுத்தவில்லை. அவனுக்குக் கீழிருந்த மேல்ஷாரிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாருங்கள், பிறகு நீங்கள் கண்டபடி செய்யுங்கள் என்றான். இன்னது முடியாது, அதற்குப் பதில் இன்னது செய்கிறேன், இத்தனை நாளில் விளைவைப் பாருங்கள் என்பதே அவன் கையாண்ட முறை.

இதை அப்படியே உங்கள் நிலைமைக்குப் பொருத்தலாம். ஆராதனை, ஜெபம், நேர்மை, ஒழுக்கம் என்ற நான்கிலும் கோடு அழுத்தமாக இருக்கட்டும். உடை, பெயர், சாப்பாட்டு வேளை, எந்த நாளில் எந்த உறவினர் வீட்டுக்குப் போவது போன்றவற்றில் தாராளமாக விட்டுக்கொடுங்கள். வேறொரு வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொன்னால், "வழிபாட்டில் சேர முடியாது, ஆனால் வருகிறவர்களுக்குப் பரிமாறுவதும் வீட்டைச் சுத்தம் செய்வதும் என் பொறுப்பு" என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். சாப்பாட்டைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்குக் கொடுத்த அறிவுரை நடைமுறைக்கு மிக உகந்தது. முன்வைப்பதை மனச்சாட்சியினிமித்தம் ஒன்றும் விசாரியாமல் சாப்பிடுங்கள். இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவன் சொல்லிவிட்டால், அப்படிச் சொன்னவனுக்காகச் சாப்பிடாதிருங்கள் (1 கொரிந்தியர் 10:27, 28). சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் எஜமான் சாய்ந்துகொள்ளும்போது ரிம்மோன் கோவிலில் தானும் பணிய வேண்டிவருமே என்று கலங்கியபோது, தீர்க்கதரிசி எலிசா அவனைக் கடிந்துகொள்ளாமல் சமாதானத்தோடே போகச் சொன்னதையும் மறக்க வேண்டாம் (2 இராஜாக்கள் 5:18, 19). புதிய விசுவாசி ஒருவர் எல்லா முடிச்சுகளையும் ஒரே வாரத்தில் அவிழ்க்க வேண்டும் என்று நெருக்குகிறவர்கள் எலிசாவைவிட அவசரக்காரர்கள்.

பேச வேண்டிய நேரம் வரும்போது குறைவாகப் பேசுங்கள். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியது, விசாரித்துக் கேட்கிறவர்களைக் குறித்து (1 பேதுரு 3:15). கேட்காதவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை அந்த வசனத்தில் இல்லை. கோபம் ஏறியிருக்கும் நேரத்தில் விளக்கம் வேண்டாம். மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: "நான் உங்கள் பிள்ளைதான், அது மாறாது. இயேசுவைப் பின்பற்றுகிறேன், அதை மறைத்து உங்களிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. இது உங்களுக்கு வலிக்கிறது என்று தெரியும், எப்போது கேட்க நினைத்தாலும் கேளுங்கள்." உறவு, அறிக்கை, திறந்த கதவு என மூன்றும் இதில் இருக்கின்றன. இதற்குமேல் நீளும் பேச்சு பெரும்பாலும் வழக்காடலாகிவிடும். வழக்கில் ஜெயித்து உறவைத் தோற்பது எளிது.

இனி கசப்பு. ஒதுக்கப்பட்டவர் மனதில் தினமும் ஒரு நியாயசபை கூடும். அவர்கள் சொன்னதும், நாம் சொல்லியிருக்க வேண்டியதும், திரும்பத் திரும்ப ஓடும். குளிக்கும்போதும் நடக்கும்போதும், முக்கியமாகப் படுத்தபின்னும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் நம் பக்கம் இன்னும் கொஞ்சம் பரிசுத்தமாகவும் அவர்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் இருட்டாகவும் மாறும். பல மாதம் கழித்து நாம் வெறுப்பது உண்மையான அப்பாவையோ தோழியையோ அல்ல, நாமே வரைந்த ஓர் உருவத்தை. இந்த ஓட்டத்தை "நினைக்கக் கூடாது" என்று அடக்கினால் நிற்காது. அதைத் தேவனிடம் திருப்பிவிட வேண்டும். அதற்குத்தான் புலம்பல் சங்கீதங்கள் இருக்கின்றன. சிநேகிதன் செய்த துரோகத்துக்கு 55, சொந்தச் சகோதரருக்கு அந்நியனானதற்கு 69, தாயும் தகப்பனும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்பதற்கு 27. எந்த ஆறுதலும் எட்டாத இரவுக்கு 88. அது இருளிலேயே முடிகிறது, ஆனாலும் ஜெபமாகவே வேதத்தில் நிற்கிறது. படுக்குமுன் ஒன்றை எடுத்து வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். உங்களை ஒதுக்கியவரின் பெயரைச் சொல்லி, அவர் சொன்ன வார்த்தையைச் சொல்லி, அது எவ்வளவு வலித்தது என்பதைக் கர்த்தரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். எரேமியா அவரோடு வழக்காடவே செய்தான் (எரேமியா 20:7). முறையிடுகிறவன் இன்னும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறான்; பயப்பட வேண்டியது அவரோடு பேச்சே நின்றுபோவதற்குத்தான்.

அதற்குப் பிறகு அவர்களுக்காக ஜெபியுங்கள். லூக்கா 6:27, 28-இல் நான்கு வினைகள் வரிசையாக வருகின்றன: சிநேகியுங்கள், நன்மை செய்யுங்கள், ஆசீர்வதியுங்கள், ஜெபம்பண்ணுங்கள். உணர்ச்சியை வரவழைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் இல்லை. நான்கில் மூன்று, மனம் வராத நாளிலும் செய்யக்கூடியவை. ஒரு நாளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அவர் மனம் மாற வேண்டும்" என்று மட்டும் ஜெபித்தால் அந்த ஜெபமே சில நாளில் குற்றச்சாட்டாக மாறிவிடும். அவருடைய முழங்கால் வலிக்காக, தங்கையின் தேர்வுக்காக, தூக்கத்துக்காக, வேலைக்காக ஜெபியுங்கள். ஒருவருடைய நன்மையைத் தினமும் தேவனிடம் கேட்டுக்கொண்டே அவரை முழுமையாக வெறுப்பது மிகக் கடினம். ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபிப்பது போலத்தான் இருக்கும். பரவாயில்லை, ஜெபியுங்கள்.

மன்னிப்பையும் ஒப்புரவையும் ஒன்றாக நினைத்துக் குழம்ப வேண்டாம். மன்னிப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று பவுல் எழுதும்போது (ரோமர் 12:18) சில வேளை கூடாமல் போகும் என்பதையும், உங்கள் பங்குக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறார்.

குடும்பத்தோடு கதவைத் திறந்து வைப்பதற்குச் சின்னச் சின்ன வேலைகள் போதும், ஆனால் அவை விடாமல் நடக்க வேண்டும். பதில் வராவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை நலம் விசாரித்து ஒரு செய்தி அனுப்புங்கள். அதில் வசனம் வேண்டாம், "சாப்பிட்டீர்களா, மருந்து இருக்கிறதா" என்பது போதும். பிறந்தநாளை மறக்காதீர்கள். நோய் என்று கேள்விப்பட்டால் முதலில் போய் நில்லுங்கள். உள்ளே விடாவிட்டால் வாசலில் கொடுத்துவிட்டு வாருங்கள். முன்பு வீட்டுக்குப் பணம் கொடுத்துவந்தால் நிறுத்தாதீர்கள். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசு மாயக்காரர் என்றே அழைத்தார் (மத்தேயு 15:5-7).

காலம் எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். இயேசுவின் சொந்த வீட்டைப் பாருங்கள். அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று இனத்தார் பிடித்துக்கொண்டுபோக வந்தார்கள் (மாற்கு 3:21). அவருடைய சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை (யோவான் 7:5). அவர் பிரசங்கித்து, அற்புதம் செய்து, நடந்து திரிந்த அந்த வருஷங்கள் முழுவதிலும் அவர்கள் மாறினதாக ஒரு வரிகூட இல்லை. உயிர்த்தெழுந்தபின் தம் சகோதரன் யாக்கோபுக்குத் தரிசனமானார் (1 கொரிந்தியர் 15:7). அதற்குப் பிறகுதான் மேல்வீட்டு ஜெபத்தில் தாயோடு சகோதரரும் இருக்கிறார்கள் (அப்போஸ்தலர் 1:14). பிழையே இல்லாத சாட்சிக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்க, மூன்று மாதத்தில் வீடு மாறவில்லை என்று உங்களை நீங்களே குற்றப்படுத்தாதீர்கள். சிலர் கடைசிவரை மாறுவதில்லை என்பதும் உண்மை. அது உங்கள் விசுவாசத்தின் குறை அல்ல.

தனிமைக்கு வருவோம். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகக் கேட்டபோது தேவன் அவனுக்கு முதலில் தந்தவை தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், பிறகு மறுபடியும் தூக்கமும் சாப்பாடும் (1 இராஜாக்கள் 19:5-8). போதனையும் கேள்வியும் அதற்குப் பின்னால்தான். ஒதுக்கப்பட்டவர்கள் முதலில் விட்டுவிடுவது சாப்பாட்டையும் தூக்கத்தையும்தான். பசியோடும் தூக்கமின்றியும் இருக்கிற மனது, கர்த்தரும் கைவிட்டார் என்பதைச் சுலபமாக நம்பும். ஆகவே வேளைக்குச் சாப்பிடுவதை ஆவிக்குரிய காரியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் யாரிடமாவது சொல்லி, அவரை உடன் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஜெபத்தோடு மருந்தும் எடுத்துக்கொள்வது அவிசுவாசம் அல்ல.

"நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று எலியா இரண்டு தடவை சொன்னான். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்பது கர்த்தர் தந்த பதில் (19:18). அவர்கள் முன்பே இருந்தார்கள். எலியா கண்ணில் படவில்லை. உங்களுக்கு ஏழாயிரம் வேண்டாம், மூன்று பேர் போதும். உண்மையைச் சொல்லி அழ ஒருவர், வேதம் சொல்லிக்கொடுத்துத் திருத்த முதிர்ந்த ஒருவர், இதே பாதையை ஏற்கெனவே நடந்து முடித்த ஒருவர். இவர்களைத் தேடுங்கள். சபைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் எழுந்து போகிற பழக்கம் இருந்தால் இது நடக்காது. போதகரிடம் நேரம் கேட்டு, "வீட்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை, வாரத்தில் ஒருநாளாவது யாருடனாவது சாப்பிட வேண்டும்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். வீட்டையும் சகோதரரையும் தாயையும் விட்டவனுக்கு இம்மையிலேயே நூறத்தனையாக வீடுகளும் தாய்மாரும் கிடைக்கும் என்று இயேசு சொன்ன வாக்குறுதி (மாற்கு 10:29, 30), வேறு விசுவாசிகள் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால்தான் நிறைவேறும். இதை வாசிக்கும் சபையார் இந்த வசனத்தைத் தங்களுக்கான வேலையாக வாசிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வந்தவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்துவிட்டு, எல்லாரும் குடும்பத்தோடு இருக்கும் பண்டிகை நாளில் அவரைத் தனியறையில் விட்டுவிடுவது பெரிய பாவம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒதுக்கப்பட்டவரின் பசியைப் பயன்படுத்திக்கொள்ளும் கூட்டங்கள் இருக்கின்றன. குடும்பத்தோடு இருக்கும் மிச்சத் தொடர்பையும் அறுக்கச் சொன்னால், சம்பளத்தைக் கணக்குக் கேட்டால், வேறு சபையாரோடு பேசுவதைத் தடுத்தால், தலைவரைக் கேள்வி கேட்பதைக் கலகம் என்று சொன்னால், வெளியே வந்துவிடுங்கள்.

தனிமையில் பிடித்துநிற்க, நாளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அது சிறியதாக இருக்கட்டும். தானியேல் சிங்கக்கெபிக்கு முன்னால் புதிதாக எதையும் தொடங்கவில்லை. தினம் மூன்று வேளை "தான் முன் செய்துவந்தபடியே" ஜெபித்தான் (தானியேல் 6:10). நெருக்கடி வந்தபின் பழக்கம் உண்டாக்குவது கடினம்; இருக்கிற பழக்கம் நம்மைத் தாங்கும். காலையில் பத்து நிமிஷம் சுவிசேஷம், நடுப்பகலில் மனப்பாடமான ஒரு வசனம், இரவில் ஒரு சங்கீதம். வீட்டில் வேதாகமத்தை வைத்திருக்க முடியாதவர்களுக்கு மனப்பாடம்தான் வேதாகமம். வாரத்துக்கு இரண்டு வசனம் என்றால் வருஷத்தில் நூறைத் தாண்டும். யாராலும் அதைப் பிடுங்க முடியாது. திருவிருந்தை இயன்றமட்டும் தவறவிடாதீர்கள்.

அடி, பூட்டிவைத்தல், கொலை மிரட்டல் என்று வந்துவிட்டால் பேச்சே வேறு. அங்கே தங்கியிருப்பதை விசுவாசம் கேட்கவில்லை. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவர் இயேசு (மத்தேயு 10:23). பவுல் தமஸ்குவில் கூடையில் மதில் வழியாக இறங்கித் தப்பினார், பிலிப்பியில் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி அதிகாரிகளே வந்து வெளியே விடும்படி செய்தார், கடைசியில் இராயனிடம், அதாவது ரோமப் பேரரசனிடம், மேல்முறையிட்டார். சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு என்றால் பவுல் குறைவுள்ளவர். மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் உங்கள் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை உள்ளூர் வழக்கறிஞரிடம் தெரிந்துகொண்டே நடங்கள். அடையாளச் சான்றுகள், படிப்புச் சான்றிதழ்கள், வங்கி ஆவணங்கள், ஒரு மாதச் செலவுக்கான பணம், வழக்கமான மருந்து ஆகியவற்றை ஒரே பையில் வைத்து, முடிந்தால் நம்பகமான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். போகப்போகும் இடம் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள், தேதியோடு சேமியுங்கள்.

ஆதிச் சபை இதில் நிதானமாக இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரச் சபையின் கண்காணியான (பிஷப்) பாலிகார்ப்பு, நண்பர்கள் சொன்னதைக் கேட்டு முதலில் ஊருக்கு வெளியே பண்ணைவீட்டில் ஒதுங்கியிருந்தார். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். அவர் மரணத்தைப் பற்றி அந்தச் சபை எழுதிய கடிதம், குவிந்து என்ற ஒருவனையும் குறிப்பிடுகிறது. அவன் தானாகப் போய்ச் சரணடைந்து, மற்றவர்களையும் தூண்டியவன். தன்னைக் கொல்ல வைத்திருந்த மிருகங்களைக் கண்டதும் பயந்து ரோமத் தேவர்களுக்குப் பலியிட்டுவிட்டான். வலியப் போய்ப் பாடுகளைத் தேடுகிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று அந்தக் கடிதம் முடிவு சொல்கிறது. தைரியம் இருக்கிறது என்பதற்காகச் சண்டையை இழுத்துவிடுகிற இளம் விசுவாசிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

விசுவாசியாத கணவனோ மனைவியோ சேர்ந்து வாழச் சம்மதித்தால் பிரிய வேண்டாம்; அவர் பிரிந்துபோனால் நீங்கள் அடிமைப்பட்டவரல்ல (1 கொரிந்தியர் 7:12-15). வார்த்தையினாலல்ல, நடக்கையினால் ஆதாயப்படுத்துங்கள் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:1, 2). இருபாலருக்கும் நல்ல அறிவுரை இது. வன்முறை என்றால், அடி, மிரட்டலைப் பற்றி மேலே சொன்னதே பொருந்தும். வேலை இடத்தில், சம்பள நேரத்தில் பிரசங்கம் வேண்டாம், வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள். ஏளனத்துக்குச் சிரித்துவிட்டுப் போகலாம். பதவி உயர்வையோ சம்பளத்தையோ தொடும்போது மட்டும் எழுத்தில் முறையிடுங்கள்.

சிலரை ஒதுக்குவது சபையேதான். அது வெளியார் ஒதுக்குவதைவிட ஆழமாகக் குத்தும், ஏனென்றால் ஆறுதலுக்கு ஓட வேண்டிய இடமே அடைபட்டிருக்கும். யோவானின் மூன்றாம் நிருபத்தைப் படியுங்கள், ஒரே அதிகாரம். முதன்மையாயிருக்க விரும்பிய தியோத்திரேப்பு அப்போஸ்தலனையே ஏற்றுக்கொள்ளவில்லை, சகோதரரை ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தவர்களையும் சபையைவிட்டுத் தள்ளினான் (வசனம் 9, 10). யோவான் அதற்காகச் சபை என்பதையே வெறுக்கவில்லை. நேரில் வந்து பேசுவேன் என்கிறார், காயுவையும் தேமேத்திரியுவையும் பற்றி மகிழ்ச்சியோடு எழுதுகிறார். முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு சாட்சிகளோடு, பிறகு சபைக்கு என்ற மத்தேயு 18:15-17-இன் வரிசையில் பேசிப் பாருங்கள். நடந்தது பாலியல் துன்புறுத்தலோ வேறு குற்றமோ என்றால் அந்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம், காவல்துறைக்குப் போங்கள். பலன் இல்லாவிட்டால் வேறு சபைக்கு மாறுங்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவே பல மாதம் எங்கும் போகாமல் இருந்துவிடாதீர்கள். முன்னே சொன்ன வற்றல் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

கடைசியாக, ஏற்கெனவே ஒருமுறை பயந்து "நான் அவரைச் சேர்ந்தவனல்ல" என்று சொல்லிவிட்டவர்களுக்கு. பேதுரு விழுந்த வழியை லூக்கா 22-இல் படிப்படியாகப் பார்க்கலாம். காவலுக்கும் சாவுக்கும் உம்மோடு வருவேன் என்ற பெருமை. ஜெபிக்கச் சொன்ன இடத்தில் தூக்கம். பிறகு பட்டயம் (வெட்டினவன் பேதுரு என்று யோவான் 18:10 சொல்கிறது). பிறகு தூரத்திலே பின்செல்லுதல். பிறகு தன்னவர் யாருமில்லாத நெருப்பண்டையில் உட்காருதல். வேலைக்காரப் பெண்ணின் கேள்வி வந்தபோது அவன் ஏற்கெனவே பாதி விழுந்திருந்தான். உங்கள் விழுகைக்கும் இப்படி ஒரு பாதை இருக்கும்; அதைக் கண்டுபிடித்து, எந்தப் படியில் திரும்பியிருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவன் விழுமுன்னே இயேசு அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார், குணப்பட்டபின் சகோதரரை ஸ்திரப்படுத்தும் வேலையையும் முன்கூட்டியே கொடுத்திருந்தார் (22:32). கரிநெருப்பின் அருகே மூன்று தரம் மறுதலித்தவனிடம், கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பின் அருகே மூன்று தரம் கேட்டார்.

கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியு, எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது திரளான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அந்தச் சான்றிதழ்களில் பல எகிப்தில் இன்றும் கிடைத்திருக்கின்றன. துன்பம் தணிந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். கதவைச் சாத்திவிட வேண்டும் என்றார்கள் சிலர். 251-இல் கார்த்தேஜில் கூடிய கண்காணிகள் அப்படிச் செய்யவில்லை. மனந்திரும்புதலுக்குக் காலம் வைத்து, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாக விசாரித்துச் சேர்க்கலாம் என்று தீர்மானித்தார்கள். அதற்குத் தலைமை வகித்த சிப்ரியான், அந்த உபத்திரவத்தின்போது தலைமறைவாக இருந்ததற்காகப் பலரிடம் பேச்சு வாங்கியவர். 258-இல் தன் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டு மரித்தார். விழுந்தவர் திரும்பும்போது செய்ய வேண்டியது இதுவே: போதகரிடமோ முதிர்ந்த விசுவாசியிடமோ நடந்ததை முழுமையாக அறிக்கையிடுங்கள், யார் முன் மறுதலித்தீர்களோ அவரிடம் முடிந்தபோது உண்மையைச் சொல்லுங்கள், சபைக்குத் திரும்ப வாருங்கள்.

இன்று தொடங்க ஒரு காரியம் வேண்டுமானால் 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தை எடுங்கள். சிறையில் பவுல், முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தே எழுதுகிறார். உடன் ஊழியனான தேமா விட்டுப் போய்விட்டான். முதல் விசாரணையில் ஒருவனும் கூட நிற்கவில்லை. அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்று எழுதி அதை அங்கேயே விட்டுவிடுகிறார். கர்த்தரோ தமக்குத் துணையாக நின்றார் என்கிறார். இதையெல்லாம் எழுதுகிறவர் அதே கடிதத்தில், துரோவாவில் வைத்துவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார், மாரிகாலத்துக்குமுன் வந்துசேர் என்கிறார், ஒருகாலத்தில் தாமே கூட்டிக்கொண்டுபோக மறுத்த மாற்கையும் அழைத்துவரச் சொல்கிறார். கர்த்தர் கூட நிற்கிறார் என்பதால் போர்வையும் நண்பனும் வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. உங்களுக்கு இந்த வாரம் என்ன தேவை, யார் தேவை என்று எழுதி, அதைத் தரக்கூடிய ஒருவருக்கு இன்றே அனுப்புங்கள்.